பழைய காருக்கு இத்தனை பொய்யா?

நோயாளியான சித்தப்பாவைச் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல ஒரு சிறிய கார் வேண்டும் என்பதைத் தவிர நாங்கள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் வரிச்சுமையால் புதியதை நினைத்தும் பார்க்க முடியாது என்பதை நன்கறிந்த பழைய கார் விற்பவர்கள், பத்து ஆண்டு ஓடிய சுசுகி அல்டோவுக்கு, அது புதிதாக வந்தபோது விற்ற விலையையும் தாண்டிக் கேட்கிறார்கள்.

விலையாவது போகட்டும், உண்மையைச் சொல்வதற்கு என்ன தடை? மீற்றர் நாற்பதாயிரம் கிலோமீற்றரைக் காட்டுகிறது. கிளச் மிதியோ தேய்ந்து வழுக்குகிறது. "ஒரே கை, வாத்தியார் ஒருவர் ஓடினது" என்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் நான்கு பெயர்கள். லீசிங் கடன் இன்னும் முடியவில்லை என்பது முற்பணம் பேசும்போதுதான் வெளிவருகிறது. வெள்ளத்தில் நின்ற காரா என்று கேட்டால் கோபிக்கிறார்கள். கால்விரிப்பைத் தூக்கினால் துரு. தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வரலாமா என்றவுடன், "வேற ஆக்கள் வருகினம், விருப்பமெண்டா இப்பவே எடுங்கோ" என்று அவசரப்படுத்துகிறார்கள். ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பு இது என்று தெரிந்தும் எப்படி மனம் வருகிறது? தரகரோ இரு பக்கமும் தரகுப் பணம் வாங்குகிறார். பழுதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.