அணைத்து வைத்த எச்சரிக்கை யாருக்கு உதவும்?
இருக்கிற ரேடார் அமைப்பின் மேல் ஒரு எச்சரிக்கை மென்பொருளைச் சேர்த்துவிட்டால், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கவனிக்கத் தவறினாலும் அது விமானத்தைக் காப்பாற்றிவிடும் என்கிறது இந்தக் கட்டுரை. பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமில் அப்படி ஒன்று இருந்தது. விமானம் தரைக்கு மிக அருகே வந்தால் கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும். ஆனால் வேண்டாத எச்சரிக்கைகள் அடிக்கடி வந்ததால், ரேடாரிலிருந்து 54 கடல் மைல் தூரத்துக்குள் அதை முடக்கி வைத்திருந்தார்கள். 1997 ஆகஸ்டில் கொரியன் ஏர் 801 விமானம் இரவு மழையில் அங்குள்ள நிமிட்ஸ் குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். முடக்காமல் விட்டிருந்தால் ஒரு நிமிடம் முன்பே எச்சரித்திருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது. சரி, விமானிகளின் தவறும் இதில் உண்டு. அந்தத் தவறைப் பிடிக்கத்தானே இந்த மென்பொருளே? 2002-ல் ஜெர்மனியின் உபெர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்த இரவிலும், அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டாளரின் திரையில் வரவேண்டிய மோதல் எச்சரிக்கை பராமரிப்பு வேலையால் நின்றிருந்தது. அது அவருக்குத் தெரியவும் இல்லை. கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் இன்னும் நவீன மென்பொருள் வேண்டும் என்கிறார். வரட்டும். அதை அணைக்கும் அதிகாரம் யாருக்கு, அணைத்ததை அடுத்த ஷிப்டுக்கு யார் சொல்வது என்பதை முதலில் எழுதி வைக்க வேண்டும்.