மாவட்ட நகரத்துப் பட்டதாரிப் பெண்களும் வீட்டிலிருந்து பார்க்கும் வேலையும்

நுண்ணுயிரியல் படித்துவிட்டுச் சென்னையில் நான்கு ஆண்டுகள் மெடிக்கல் கோடராக, அதாவது மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீடு போடுபவளாக, இருந்த நான், 2017-இல் மகள் பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு மன்னார்குடிக்கு வந்தேன். மகப்பேறு உதவிச் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இருதரப்பும் பேசி வீட்டிலிருந்தே பணியைத் தொடரலாம் என்ற பிரிவும் அப்போது சேர்ந்தது. அதைச் சொல்லி நான் கேட்டதற்கு, நோயாளிகளின் விவரங்கள் அலுவலகத்தைத் தாண்டக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நடக்கவே நடக்காது என்றவர்கள் சில நாள்களுக்குள் கணினிகளை வேனில் ஏற்றி வீடு வீடாக இறக்கினார்கள். அந்த நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறையும், பிற நிறுவனங்களின் பணிகளை ஏற்றுச் செய்யும் பி.பி.ஓ. நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்து வேலை பார்க்கவைப்பதற்குக் கேட்டுவந்த வங்கி உத்தரவாதத்தை நீக்கியது. 2021-இல் வேறொரு நிறுவனத்தில், எங்கள் மாடி அறையிலிருந்தே மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். வேலை நேரத்தில் கதவு சாத்தியிருக்க வேண்டும், கைப்பேசி உள்ளே வரக் கூடாது என்பது நிபந்தனை. கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்கும் நேரத்துக்குள் கையில் இருக்கும் சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பை, முடித்துவிட வேண்டும். மகளை அத்தை பார்த்துக்கொண்டார். நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு என் பெயரில் சம்பளம் வந்த நாளை நான் மறக்கவில்லை.

மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவதுதான் எங்கள் வேலை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் அதை வைத்தே மருத்துவமனைக்குப் பணம் தருகின்றன. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 என்ற புதிய குறியீட்டுப் பட்டியல் கட்டாயமானபோது, நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 14,000-லிருந்து 68,000-க்கும் மேல் பெருகின. பார்மசியும் நர்சிங்கும் உயிரியலும் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசலாக அமைந்தது.

இப்போது மென்பொருளே குறியீட்டை முன்கூட்டிப் பரிந்துரைக்கிறது. சரிபார்ப்பது மட்டும் எங்கள் பங்கு. அண்மையில் ஒரு சார்ட்டில், சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று இ11.9-ஐ அது காட்டியது. மூன்றாம் பக்கத்தில், வலது குதிகாலில் ஆறாத புண் இருப்பதாக மருத்துவர் ஒரே வரி எழுதியிருந்தார். அங்கே, சர்க்கரை நோயோடு கால் புண்ணும் இருப்பதைக் குறிக்கும் இ11.621 வர வேண்டும். புண் எந்தக் காலில், எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்பதற்கு எல்97 வரிசையில் இன்னொரு குறியீடும் சேர வேண்டும். அந்த ஒரு வரியைப் பிடிக்கும் கண் எனக்கு வந்தது, தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான எளிய சார்ட்களைப் போட்டுப் போட்டுத்தான். அந்த எளிய சார்ட்கள் எல்லாம் மென்பொருளுக்குப் போய்விட்டால், புதிதாக வருகிறவர்கள் எதில் பழகுவார்கள்? அனுபவம் உள்ளவர்களை மட்டும் எடுப்போம் என்கிற நிறுவனங்கள், அந்த அனுபவத்தை முதலில் கொடுப்பது யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

என் கவலை மென்பொருளோடு முடியவில்லை. சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்கு வந்த மின்னஞ்சல், வாரத்தில் மூன்று நாள் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும், இயலாதவர்கள் ஒப்பந்த முறைக்கு மாறலாம் என்றது. ஒப்பந்தம் என்றால் சார்ட் கணக்கில் கூலி, பி.எஃப். கிடையாது, மகப்பேறு விடுப்பு கிடையாது, வேலை வராத வாரத்தில் வருமானமும் கிடையாது. குழுவில் இருந்த பெண்களில் பலர் கைக்குழந்தையையோ படுக்கையில் இருக்கும் பெற்றோரையோ கவனித்துக்கொள்கிறவர்கள். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அதே நாற்காலியில் அமர்ந்து அதே தரத்தில் அதே வேலையைச் செய்கிற நான், இப்போது எந்த நிறுவனத்துக்கும் ஊழியர் இல்லை.

நெகிழ்வான வேலை என்று நாம் கொண்டாடுவது, நிறுவனத்துக்கு வேண்டியபோது கிடைத்து வேண்டாதபோது பறிபோகும் சலுகையாகவே இன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான பணிமுறை கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை சட்டப்படி உண்டு; மறுப்பதென்றால் சட்டம் அனுமதிக்கும் காரணத்தை நிறுவனம் காட்ட வேண்டும். நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு முடிந்தவர்களுக்கு மட்டும், அதுவும் நிறுவனம் இசைந்தால்தான் என்கிற அளவில் நிற்கும் அந்தப் பிரிவை எல்லா ஊழியருக்கும் உரிய உரிமையாக விரிவாக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஒருவரை ஊழியர் பட்டியலிலிருந்து நீக்குவதற்குக் காரணமாகக் கூடாது என்பதையும் அதில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

எங்கள் தெருவில் பயோடெக் முடித்த பெண் ஒருத்தி, மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குப் பணம் கட்டிப் படித்துவிட்டு ஓர் ஆண்டாக வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். நேர்காணலுக்குப் போன இடத்தில் எல்லாம் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உண்மையான சார்ட்களைக் காட்ட முடியாது என்பதால், நானே கற்பனையாக நோயாளிக் குறிப்புகளை எழுதி ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கொடுக்கிறேன். போன வாரம், மூன்றாம் பக்கத்தில் வைத்திருந்த குதிகால் புண்ணை நான் சொல்லாமலே அவள் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.