டாக்டரிடம் சொல்லாத கஷாயம்

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று யாராவது கேட்டால் எனக்குச் செங்காந்தள்தான் நினைவுக்கு வருகிறது. நம் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், கௌட் என்னும் மூட்டு நோய்க்கு ஆங்கில மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்து. அதே கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர், நச்சை முறிக்கும் 'சுத்தி' செய்யாமல் அதை மருந்தாகத் தொடமாட்டார். வாட்ஸ்அப்பில் வைத்தியம் அனுப்புகிறவர்களிடம்தான் அந்தப் பயம் இல்லை.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் கொதித்தது. அதைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்திலைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. எனக்கு அந்த மறுப்பே பெரிய எச்சரிக்கையாகப் படுகிறது. மொட்டைமாடித் தொட்டியில் படர்ந்திருப்பது எந்தக் கொடி என்று நம்மில் எத்தனை பேரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

மருந்துக்கடைப் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். "உடம்பு வலி, காய்ச்சல், இரண்டு வேளைக்குக் கொடுங்கள்" என்றால் செட் மாத்திரை வந்துவிடும். அதில் வலி மாத்திரை எது, ஆன்டிபயாடிக் எது, ஸ்டீராய்டு இருக்கிறதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வலுவான ஆன்டிபயாடிக் பலவற்றை விற்கும்போது எழுதிக்கொடுத்த மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கூலி வேலைக்குப் போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். மாலையிலும் புறநோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தால் அவர் ஏன் கடைக்காரரிடம் போகப் போகிறார்?

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறு. எங்கள் அத்தை சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். கூடவே காலையில் பாகற்காய்ச் சாறு, இரவில் வெந்தயப் பொடி. எல்லாமே சர்க்கரையைக் குறைப்பவை. ஒருநாள் வியர்த்துக்கொட்டி மயங்கி விழுந்தார். சாறு குடிப்பதை டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் திட்டுவார்ப்பா" என்றார். முன்பு ஒருமுறை நாட்டு மருந்து என்று வாயெடுத்ததற்கே எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியிருக்கிறார். அதன்பின் எந்த டாக்டரும் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் ஒரே வளாகத்துக்குள் சித்தப் பிரிவும் இருக்கிறது. இங்கே எழுதும் மருந்து அங்கே தெரிவதில்லை, அங்கே கொடுக்கும் சூரணம் இங்கே தெரிவதில்லை. இரண்டையும் ஒரே சீட்டில் எழுத என்ன தடை?

மருத்துவ நண்பர்களே, "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், கஷாயம், பொடி ஏதாவது?" என்று முகம் சுளிக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள். மற்றவர்கள், அடுத்த முறை போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். திட்டினால் திட்டட்டும், மேசைமேல் எடுத்து வையுங்கள்.