கடாப்ராவும் கேபிளும்

வெளியே நடந்து போகிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடிக்கும் கைப்பேசி ஆட்டமான போகிமான் கோ பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கேமராவுக்குத்தான் போகிறார்கள். நம் வீட்டு வாசலில் பிகாச்சு என்ற போகிமான் நிற்பதுபோலக் கேமராவில் காட்டிய அந்த ஏஆர் (நிஜக் காட்சியோடு கற்பனை உருவைக் கலக்கும்) வித்தைதான் 2016-இல் இத்தனை பேரைத் தெருவுக்கு இழுத்து வந்தது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நானும் என்னோடு ஆடியவர்களும் பந்து குறி தவறுகிறது, சார்ஜ் இறங்குகிறது என்று ஏஆரை முதல் வாரத்திலேயே அணைத்துவிட்டோம். ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். சிறுவயதில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு கேம்பாய் என்ற கையடக்க ஆட்டக் கருவியும் அதில் போட்டு ஆடும் போகிமான் ரெட் கேட்ரிட்ஜும் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஆப்ரா என்ற போகிமானைப் பிடிப்பதே பெரும்பாடு, எதிரே வந்த வேகத்தில் மாயமாகிவிடும். எப்படியோ பிடித்து வளர்த்து அதன் அடுத்த வடிவமான கடாப்ரா ஆக்கினேன். அதோடு நின்றுபோனது. கடைசி வடிவமான அலகசாம் ஆக வேண்டுமென்றால் இன்னொரு கேம்பாயைக் கேபிளால் இணைத்து, கடாப்ராவை இன்னொருவர் கையில் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஊரில் வேறு யாரிடமும் கேம்பாய் கிடையாது. லெவல் 100 வரை ஏற்றியும் கடாப்ரா கடாப்ராவாகவே இருந்தது.

அப்போது கோபமாக வந்தது. பின்னாளில் போகிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி பற்றிப் படித்தபோதுதான் அந்த விதியின் அருமை புரிந்தது. டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் பூச்சி பிடித்துத் திரிந்த பையன் அவர். அந்த வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்கு அடியில் போனதைக் கண்ணெதிரே பார்த்தவர். இரண்டு கேம்பாய்களை இணைக்கும் கேபிளைக் கண்டதும், அதன்மேல் ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் போகிமான் ரெட், கிரீன் என்று இரண்டு ஆட்டங்களாக வந்தது அதனால்தான். இதில் கிடைக்கும் சில அதில் கிடைக்காது. ஒற்றை ஆளாக உட்கார்ந்து முடிக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்தது அது.

கையடக்க ஆட்டத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும்போது எதை எடுத்து வர வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பூச்சி தேடி அலைவது ஒன்று. பிடித்ததைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து வாங்குவது இன்னொன்று.

முதலாவதை போகிமான் கோவை உருவாக்கிய நியான்டிக் நிறுவனம் அற்புதமாகச் செய்தது, மனதாரச் சொல்கிறேன். தங்களுடைய முந்தைய ஆட்டமான இன்கிரஸில் ஆட்டக்காரர்களே குறித்துக் கொடுத்த சிலைகளும் கோயில்களும் சுவரோவியங்களும்தான் போகேஸ்டாப்புகள், அதாவது ஆட்டத்துக்கான பொருட்கள் கிடைக்கும் இடங்கள் ஆயின. முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தாஜிரியின் பால்யமே வரைபடமாக விரிந்தது மாதிரி.

இரண்டாவதை விட்டுவிட்டார்கள். 2016 ஜூலையில் ஆட்டம் வந்தபோது பரிமாற்றமே இல்லை. அது வர 2018 ஜூன் ஆனது. அதற்குள் நான் போகிமான்களைப் பிடிக்கும்போது கிடைக்கும் கேண்டியை 100 வரை சேர்த்து, ஒரு இரவு பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றபடி கடாப்ராவை அலகசாம் ஆக்கினேன். இத்தனை வருடம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. காட்டிச் சந்தோஷப்படத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பரிமாற்றம் வந்தபோது இருவரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதியோடு வந்தது. நல்ல விதி, கேபிளின் நீளம்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் 2020-இல் பெருந்தொற்றின்போது வந்த, பலர் கூடி ஆடும் ரெய்டு சண்டையில் வீட்டிலிருந்தே சேர உதவும் ரிமோட் ரெய்டு பாஸை 2023-இல் கட்டுப்படுத்திய விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்துக்குள் செலவிடும் காயினில் 100 ஆக இருந்த விலை 195 ஆனது, ஒரு நாளைக்கு ஐந்துதான் என்றார்கள். மக்கள் வெளியே வந்து கூடி ஆட வேண்டும் என்பது அவர்கள் வாதம். சரி, அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நடக்க முடியாதவர் எங்கே கூடுவார்? பக்கத்தில் ரெய்டு நடக்கும் ஒரு ஜிம்கூட இல்லாத கிராமத்தில் இருப்பவர் யாரோடு கூடுவார்? வரைபடம் முதல் நாளிலிருந்தே நகரத்துக்குச் சாய்ந்தது. அவர்களுக்கு அந்த பாஸ்தான் கேபிள். வெளியே வருபவருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம், வர முடியாதவரிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டாம்.

2025-இல் இந்த ஆட்டம் உட்பட நியான்டிக்கின் ஆட்டப் பிரிவு ஸ்கோப்லி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 350 கோடி டாலர் ஒப்பந்தம். ஏஆர் கண்ணாடி, கேமரா என்று அடுத்து எது வந்தாலும் வரட்டும். அதற்கு முன்னால் கிராமங்களுக்கு ஸ்டாப் கொடுங்கள், ரிமோட் பாஸை எட்டும் விலைக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகளும் ஆடுகிறாள். திண்ணையில் உட்கார்ந்து அவள் கடாப்ராவை நான் வாங்கிக்கொண்டேன், என்னுடையதை அவளுக்குக் கொடுத்தேன். பரிமாறியதை அலகசாம் ஆக்க இப்போது கேண்டி வேண்டாம். "மாமா, சீக்கிரம் அமுக்குங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு பேரும் ஒன்றாக அமுக்கினோம்.