எனிட் பிளைட்டன் கதைகளை எழுதியது யார்?

"ஒரு ஆளால் 700 புத்தகம் எழுத முடியுமா? சிறுவர் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டன் ஆள் வைத்து எழுதி வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இது பழைய வதந்தி, அவர் உயிரோடு இருந்தபோதே கிளம்பியது. தென்னாப்பிரிக்காவில் ஒரு நூலகர் இதையே சொல்ல, பிளைட்டன் சும்மா விடவில்லை. 1955இல் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நீதிமன்றத்திலேயே பகிரங்க மன்னிப்பு கிடைத்தது.

சரி, எப்படித்தான் எழுதினார்? தட்டச்சு இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாளில் 6,000 முதல் 10,000 சொற்கள் வரை ஓடும். முன்கூட்டித் திட்டம் போடுவதில்லை. கண்ணை மூடினால் பாத்திரங்கள் சினிமாத் திரையில் வருவதுபோல வருவார்கள், பார்ப்பதை அப்படியே எழுதுகிறேன் என்று பீட்டர் மெக்கெல்லர் என்ற உளவியலாளருக்குக் கடிதங்களில் விளக்கியிருக்கிறார். முதல் புத்தகம் 1922இல் வந்தது, வெறும் 24 பக்கக் கவிதைத் தொகுப்பு. அதிலிருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் எழுதினார். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குப் பதினேழு, பதினெட்டு வரும். அவற்றில் பல சின்னஞ்சிறு புத்தகங்கள். ஒரே மாதிரிக் கதை, எளிய சொற்கள் என்று விமர்சகர்கள் அலுத்துக்கொண்டதும் உண்டு. அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது, ஆனால் வேகத்துக்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

குழப்பத்துக்கு இடம் தருவது ஒன்றுதான். 1942 முதல் 1963 வரை வந்த 'ஃபேமஸ் ஃபைவ்' (நான்கு சிறுவர்களும் ஒரு நாயும் துப்பறியும் கதைகள்) நாவல்கள் 21ம் அவருடையவை. 1968இல் அவர் இறந்த பிறகு, அதே பாத்திரங்களை வைத்து க்ளோட் வாலியே என்ற எழுத்தாளர் பிரெஞ்சில் தனியாக ஒரு வரிசை எழுதினார்.