கருஞ்சீரகம் அல்ல, அதன் பங்காளி

படத்தில் இருக்கும் நீலப் பூவைக் கருஞ்சீரகப் பூ என்று கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது நைஜெல்லா டமாசீனா. நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது நைஜெல்லா சட்டைவா. ஒரே பேரினம்தான், ஆனால் செடி வேறு. நைஜெல்லா என்றால் லத்தீனில் 'சிறு கறுப்பு'. விதையின் நிறத்தால் வந்த பெயர். டமாசீனா என்பது டமாஸ்கஸைக் குறிக்கிறது. ஆனால் செடியோ மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல நாடுகளின் குறும்புதர்க் காடுகளிலும் தரிசுகளிலும் தானாக முளைக்கிறது. ஒரே ஆண்டில் பூத்துக் காய்த்து மடிந்துவிடும்.

பூவைச் சுற்றி நூல் நூலாகப் பச்சை இழைகள் தெரிகின்றன அல்லவா? ஊருக்கு ஊர் பெயர் மாறியதற்குப் பெரும்பாலும் அவைதான் காரணம். பிரெஞ்சுக்காரருக்கு இது வீனஸின் கூந்தல், ஜெர்மானியருக்குப் பசுமைக்குள் கன்னி, ஸ்பானியருக்குக் குட்டிச் சிலந்தி. ஆங்கிலேயர்தான் வேடிக்கை: மூடுபனிக்குள் காதல் என்றும் சொல்வார்கள், புதருக்குள் பேய் என்றும் சொல்வார்கள்! பூ உதிர்ந்தபின் பலூன்போல ஊதி, உச்சியில் கொம்பு நீட்டி நிற்கும் காயைப் பார்த்தால் பேய் என்பதும் பொருத்தமாகத்தான் படுகிறது.

இன்னொன்று: நீல இதழ்களாகத் தெரிபவை உண்மையில் புல்லி இதழ்கள். அசல் அல்லி இதழ்கள் தேன்சுரப்பிகளாகச் சுருங்கி நடுவில் ஒளிந்திருக்கின்றன.

நம் பெயரும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. சீரகம் கொத்தமல்லிக் குடும்பம். கருஞ்சீரகமோ நஞ்சுக்குப் பேர்போன வச்சநாவியின் குடும்பம். படக்குறிப்பை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.