இஃப்-எல்ஸை ஆப்ஜெக்ட்டாக மாற்றினால் விடை மாறாதா? மாறலாம்

"எவ்வளவு நீளமான இஃப்-எல்ஸ் வரிசையையும் ஒரு ஆப்ஜெக்ட், ஒரு || குறி போட்டு ஒரே வரியாக்கலாம், விடை மாறாது" என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் சரி.

'இந்த மதிப்புக்கு இந்த விடை' என்ற வகை வரிசைக்கு ஆப்ஜெக்ட் (பெயருக்கு எதிரே மதிப்பு வைக்கும் பட்டியல்) நல்ல வழிதான். சிக்கல், இடப்பக்க மதிப்பு 'இல்லை' என்றால் வலப்பக்க மதிப்பைத் தரும் || குறியில். அது 0, வெற்றுச் சரம், ஃபால்ஸ் எல்லாவற்றையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். டெலிவரி கட்டணம் உள்ளூருக்கு 0, பட்டியலில் இல்லாத ஊருக்கு 50 என்று எழுதிப் பாருங்கள்: உள்ளூர்க்காரருக்கும் 50 விழும்! ஜாவாஸ்கிரிப்ட்டின் 2020 பதிப்பில் வந்த ?? குறி, மதிப்பே இல்லாததைக் காட்டும் நல் (null), அன்டிஃபைன்ட் (undefined) இரண்டுக்கு மட்டுமே மாற்று மதிப்பைத் தரும்.

சரி, ?? போட்டால் முடிந்ததா? இல்லை. பயனர் ஊர்ப் பெயராக ஆங்கிலத்தில் 'கன்ஸ்ட்ரக்டர்' (constructor) என்று தட்டினால், சாதாரண ஆப்ஜெக்ட் கட்டணத்துக்குப் பதில், அந்தப் பெயரில் அதற்கு ஏற்கெனவே உள்ள ஒரு ஃபங்ஷனை நீட்டும். அங்கே மேப் (Map, நாம் போட்ட பெயர்களை மட்டுமே தேடும் பட்டியல்) பயன்படுத்துங்கள். 35-க்கு மேல், 60-க்கு மேல் போன்ற வரம்புகளுக்கு இஃப்பும், பொருந்தியதுமே விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்னுமே தெளிவு.

பிரவுசர் கன்சோலில் நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். எம்டிஎன் (MDN) என்ற இணையதளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஆவணத்திலும் இருக்கிறது. அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.